ஒரு 'ஆல்', மூன்று 'இஃப்'

ஆங்கில இலக்கணத்தில் உங்களுக்கு எது தகராறு என்று என் வயதுக்காரர்களைக் கேட்டால் பெரும்பாலும் மூன்று பதில்கள்தான் வரும். 'ஏ, ஆன், த' எங்கே போடுவது. 'இன், ஆன், அட்' எங்கே போடுவது. 'இஃப்' வந்தால் பின்னால் என்ன போடுவது. முதல் இரண்டில் தவறினால் பெரிய மோசமில்லை, கேட்பவருக்குப் புரிந்துவிடும். மூன்றாவது அப்படியல்ல. சொல்கிற காரியம் நடக்கக்கூடியதா, வெறும் ஆசையா, நடக்காமல் போன ஒன்றா என்பதை அந்த 'இஃப்' வாக்கியத்தின் வினைச்சொல்தான் காட்டுகிறது. அதில் பிசகினால் ஆசை வாக்குறுதி ஆகிவிடும். வருத்தம் திட்டம் ஆகிவிடும்.

மதுரைக்கு மேற்கே கிராமப்புற உயர்நிலைப் பள்ளிகளில் முப்பது வருஷத்துக்கு மேல் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன் நான். இந்த 'இஃப்' நம் சீமைக்கு எப்படி வந்தது, அதை நமக்கு யார் யார் எப்படிச் சொல்லித்தந்தார்கள், ஏன் அது பலருக்குக் கடைசிவரை பிடிபடவில்லை என்பதைப் பற்றி எழுதவேண்டும் என்று வெகுநாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். இலக்கணப் பாடம் என்று பயந்து பக்கத்தை மூடிவிடாதீர்கள். இதில் நம் ஊர்க் கதைதான் அதிகம்.

நிபந்தனை வாக்கியம் நமக்குப் புதிது இல்லை. மதுரையின் மிகப் பழைய பெருங்கதையே ஒரு நிபந்தனை வாக்கியத்தில்தான் திரும்புகிறது. சிலப்பதிகாரத்தில் பொற்கொல்லன் வந்து கோள் சொன்னதும் பாண்டியன் காவலர்களுக்கு இடும் கட்டளையை நினைத்துப் பாருங்கள். தேவியின் சிலம்பு அந்தக் கள்வன் கையில் இருந்தால் அவனைக் கொன்று சிலம்பைக் கொண்டு வாருங்கள் என்பது அதன் கருத்து. 'இருந்தால்' என்று ஒரு நிபந்தனையை வைத்தான் அரசன். ஆனால் அந்த நிபந்தனை நிறைவேறியதா என்று பார்க்கும் பொறுப்பைத் தன்னிடம் வைத்துக்கொள்ளவில்லை. காவலர்கள் தயங்கினார்கள். பொற்கொல்லன் பேசிப் பேசி அவர்கள் மனத்தைக் கலைத்தான். கடைசியில் கல்லாத ஒருவன் வாளை வீசிவிட்டான். 'ஆல்' என்ற விகுதிக்குள் ஓர் உயிர் இருந்தது.

நம் இலக்கண நூலாரும் இதைக் கவனிக்காமல் விடவில்லை. தொல்காப்பியம், நன்னூல் இரண்டுமே வினையெச்சங்களைப் பட்டியலிடும்போது 'செயின்' என்ற வாய்பாட்டைச் சொல்கின்றன. 'மழை பெய்யின் குளம் நிறையும்' என்றால் 'பெய்தால் நிறையும்' என்று பொருள். நன்னூல் இதை எதிர்காலத்துக்குரிய எச்சங்களில் சேர்க்கிறது. 'பெய்தக்கால்' என்று இன்னொரு பழைய வடிவமும் உண்டு. இன்றைக்கு நம் வாயில் இருப்பது 'பெய்தால்', பேச்சில் 'பேஞ்சா'.

இந்த 'ஆல்' கணக்கைப் புரிந்துகொள்ளத் திணறிய வெளிநாட்டுக்காரர்களும் நம் மதுரையோடு சம்பந்தப்பட்டவர்களே. 1606இல் மதுரைக்கு வந்த ராபர்ட் டி நொபிலிக்கும் அவருக்குப் பின் மதுரை மிஷனில் உழைத்த இத்தாலியப் பாதிரிமாருக்கும் தமிழ்தான் முதல் பாடம். அந்த வரிசையில் வந்த வீரமாமுனிவர், புதிதாக வரும் பாதிரிமார்களுக்காகப் பேச்சுத் தமிழுக்கு ஓர் இலக்கணம் எழுதினார். அது 1738இல் தரங்கம்பாடியில் அச்சானது. அதை எந்த மொழியில் எழுதினார் தெரியுமா? லத்தீனில். படிக்கப்போகிறவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்த மொழியில் தெரியாத மொழியைச் சொல்லித்தந்தார். உங்கள் லத்தீனை மறந்துவிட்டு வாருங்கள், அப்போதுதான் தமிழ் வரும் என்று அவர் சொல்லவில்லை. இதை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இனி எதிர்த் திசையில் வருவோம். நம் பக்கத்தில் ஆங்கிலப் படிப்புக்கு அடித்தளம் போட்டவர்களில் முக்கியமானவர்கள் அமெரிக்க மிஷனரிகள். 1834இல் யாழ்ப்பாணத்திலிருந்து கடல் தாண்டி மதுரைக்கு வந்தார்கள். 1842இல் திருமங்கலத்தில் ஒரு செமினரி தொடங்கினார்கள். 1845இல் அது பசுமலைக்கு மாறியது. 1855 வாக்கில் அவர்களுடைய தலைமைச் சபையிலிருந்து ரூஃபஸ் ஆண்டர்சன் தலைமையில் ஒரு குழு வந்து, மிஷன் பள்ளிகளுக்குத் தாய்மொழிதான் முக்கியம், ஆங்கிலம் தேவையில்லை என்ற கொள்கையை வலியுறுத்தியது. யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டை செமினரி அதனால் மூடப்பட்டது. ஆனால் காலம் வேறு பக்கம் போய்க்கொண்டிருந்தது. அரசாங்க வேலைக்கு ஆங்கிலம் படித்தவர்களுக்கே முன்னுரிமை என்று கவர்னர் ஜெனரல் ஹார்டிஞ்ச் 1844லேயே அறிவித்துவிட்டார். 1857இல் சென்னைப் பல்கலைக்கழகமும் மெட்ரிகுலேஷன் பரீட்சையும் வந்துவிட்டன. 1881இல் பசுமலையிலேயே கல்லூரி வகுப்பு தொடங்கியது. 1904இல் அது மதுரை நகருக்கு வந்து, பின்னர் கோரிப்பாளையத்தில் நாம் இன்று பார்க்கும் அமெரிக்கன் கல்லூரியாக நிலைத்தது.

ஆங்கிலம் படித்தால் வேலை. இதுதான் அந்தக் காலத்து நிபந்தனை வாக்கியம். நம் தாத்தாமார் அதை நன்றாகவே புரிந்துகொண்டார்கள்.

படிக்காதவர்களுக்கோ ஆங்கில 'இஃப்' வேறு ரூபத்தில் வந்தது, சட்டமாக. உசிலம்பட்டி, செக்கானூரணி பக்கத்து வாசகர்களுக்கு நான் விளக்கவேண்டியதில்லை. 1911ஆம் வருஷத்துக் குற்றப் பரம்பரைச் சட்டம் சென்னை மாகாணத்துக்கும் வந்து, பிரமலைக் கள்ளர் சமூகத்தின் மேல் ஏவப்பட்டது. பேர் பதியவேண்டும், கைரேகை வைக்கவேண்டும், ஊரைவிட்டுப் போனால் சீட்டு வாங்கிப் போகவேண்டும், தவறினால் தண்டனை. சட்டப் புத்தகம் முழுக்க 'இஃப்'களும் 'அன்லெஸ்'களும் 'புரொவைடட்'களும்தான். எழுதியவர்கள் ஒரு மொழியில் எழுதினார்கள். அனுபவித்தவர்கள் அந்த மொழியில் ஓரெழுத்தும் அறியாதவர்கள். 1920 ஏப்ரல் 3ஆம் தேதி பெருங்காமநல்லூரில் கைரேகை வைக்க மறுத்த மக்கள்மேல் துப்பாக்கிச் சூடு நடந்தது. மாயக்காள் என்ற பெண் உள்ளிட்ட பலர் உயிர்விட்டார்கள். அந்தச் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947இல்தான் ஒழிந்தது. அந்தக் காலகட்டத்தில் ஏற்படுத்தப்பட்ட கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள் மதுரை, தேனி, திண்டுக்கல் பக்கங்களில் இன்றும் நடக்கின்றன. கைரேகை வைத்தவர்களின் பேரப்பிள்ளைகள் ஆங்கில எழுத்தை முதலில் எழுதிப் பழகியது அப்படிப்பட்ட பள்ளிகளில்தான். ஆகவே எங்கள் பக்கத்துப் பிள்ளைக்கு 'இஃப்' வாக்கியம் வெறும் 5 மார்க் சமாசாரம் இல்லை. மனு எழுதத் தெரிய வேண்டும். உத்தரவில் என்ன நிபந்தனை இருக்கிறது என்று படித்துப் பார்க்கத் தெரிய வேண்டும்.

சரி, பள்ளிக்கூடத்தில் இதை எப்படிச் சொல்லிக்கொடுத்தார்கள்?

எங்களுக்கு முந்தின தலைமுறைக்கு நெஸ்ஃபீல்டுதான் வேதம். ஜான் காலின்சன் நெஸ்ஃபீல்டு வட இந்தியாவில் கல்வித்துறை இயக்குநராக இருந்தவர். 1890களில் அவர் எழுதிய இலக்கண வரிசை இந்தியா முழுக்க ஓடியது. 'இஃப்' சமாசாரம் அதில் 'சப்ஜங்க்டிவ் மூட்' என்ற தலைப்போடு வரும். லத்தீன் இலக்கணச் சட்டையை ஆங்கிலத்துக்கு மாட்டிவிட்ட பெயர் அது. மாணவன் வரையறையை மனப்பாடம் செய்வான், வாக்கியத்தைப் பிய்த்துப் பிய்த்து 'பார்ஸ்' பண்ணுவான். எந்த வினை எந்த மூட், எந்த டென்ஸ், எந்த பெர்சன் என்று கடகடவென்று சொல்லுவான். நான் பார்த்த அந்தக் காலத்துப் பெரியவர்கள் அப்படிப் படித்து அருமையான ஆங்கிலம் எழுதினார்கள், அதில் சந்தேகமில்லை. ஆனால் அவர்கள் வடிகட்டி எடுக்கப்பட்ட சிலர். வடிகட்டியில் தங்கிப்போனவர்களைப் பற்றி யாரும் எழுதி வைக்கவில்லை.

அடுத்து வந்தது ரென் அண்ட் மார்ட்டின். சிவப்பு அட்டைப் புத்தகம் உங்களில் பலர் வீட்டுப் பரணில் இன்னும் இருக்கும். அதன் முதல் ஆசிரியர் பி.சி. ரென் பம்பாய் மாகாணத்தில் கல்வித்துறையில் வேலை பார்த்தவர். 1924இல் வெளிவந்து உலகப் புகழ் பெற்ற 'போ ஜெஸ்ட்' என்ற பாலைவனச் சாகச நாவலை எழுதியவரும் அவரேதான். இலக்கணப் புத்தகம் 1930களில் வந்தது. பின்னாளில் என்.டி.வி. பிரசாத ராவ் திருத்தி அமைத்த பதிப்பைத்தான் எங்கள் தலைமுறை ஆசிரியர்கள் கையில் வைத்திருந்தோம். பயிற்சிகள் ஏராளம். ஆனால் அதிலும் விளக்கம் ஆங்கிலத்திலேயே. உதாரணங்களில் வரும் ஜான்களும் டாம்களும் எங்கள் வகுப்புக்குள் வந்ததே இல்லை.

சுதந்திரத்துக்குப் பிறகு காற்று மாறியது. இலக்கணம் சொல்லவே வேண்டாம், வாக்கிய அமைப்புகளைத் திரும்பத் திரும்பச் சொல்லவைத்தால் போதும், மொழி தானாக வரும் என்ற 'ஸ்ட்ரக்சுரல்' முறை வந்தது. 1950களில் சென்னை மாநிலப் பாடத்திட்டம் அந்தப் பக்கம் திரும்பியது. 1959இல் பிரிட்டிஷ் கவுன்சில் துணையோடு ஒரு பெரிய இயக்கமே தொடங்கினார்கள். அதற்கு விழுந்த செல்லப் பெயர் 'மதராஸ் ஸ்நோபால்'. பனியே பார்க்காத மதராசுக்குப் பனி உருண்டை! மலைச்சரிவில் ஒரு சின்னப் பனி உருண்டையை உருட்டிவிட்டால் அது உருள உருளப் பெரிதாகும் அல்லவா? அதுபோல முதலில் சில பேருக்குப் பயிற்சி, அவர்கள் போய் இன்னும் பலருக்கு, அந்தப் பலர் போய் தாலுகா தாலுகாவாக. நோக்கம் 27,000 தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுப்பது. 1962இல் இங்கிலாந்து ஆங்கிலக் கல்வி ஏடு ஒன்றில் இதைப் பற்றி வந்த கட்டுரையின் தலைப்பிலேயே அந்த எண்ணிக்கை இருக்கிறது.

அந்த இயக்கத்தில் நல்லது நிறைய இருந்தது. ஆசிரியர் வாயைத் திறந்து ஆங்கிலம் பேசினார். கரும்பலகையில் படம் வந்தது, கையில் பொருள் வந்தது. 'திஸ் இஸ் எ புக்' என்று புத்தகத்தைத் தூக்கிக் காட்டினால் போதும், பிள்ளைக்குப் புரிந்துவிடும். ஆனால் நடக்காததை எப்படித் தூக்கிக் காட்டுவது? 'எனக்குச் சிறகு இருந்தால்' என்பதற்கு மேஜைமேல் எதை வைப்பது? ஒரு பொருளையும் காட்ட முடியாத இடத்தில்தான் 'இஃப்' உட்கார்ந்திருக்கிறது. அங்கே விளக்கம் வேண்டும். அந்த விளக்கத்தைத் தமிழில் சொல்லக்கூடாது என்பது அந்த முறையின் எழுதாத சட்டம். இன்ஸ்பெக்ஷன் நாளில் ஆங்கில வகுப்பில் தமிழ் வார்த்தை கேட்டால் ஆசிரியருக்குத் திட்டு விழும் காலம் அது. தவிர, பனி உருண்டை நம் ஊர் வெயிலில் உருள உருளப் பெரிதாகுமா, கரையுமா என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். கடைசி ஆசிரியரிடம் வந்து சேரும்போது வாக்கிய அட்டவணை மட்டும் மிஞ்சியிருந்தது.

அதற்கப்புறம் நோட்ஸ் காலம். இங்கிலாந்தில் 1960இல் வெளிவந்த தாம்சன்–மார்ட்டினெட் இலக்கணம் போன்ற புத்தகங்கள் நிபந்தனை வாக்கியங்களை முதல் வகை, இரண்டாம் வகை, மூன்றாம் வகை என்று மூன்றாகப் பிரித்துக் கொடுத்தன. நல்ல பிரிவு. நம் ஊர் கைடுகள் அதைச் சூத்திரமாகச் சுருக்கிவிட்டன. பிரசன்ட் என்றால் வில், பாஸ்ட் என்றால் வுட், ஹேட் என்றால் வுட் ஹாவ். பையன் கணக்கு மாதிரிப் போட்டு மார்க் வாங்கிவிடுவான். பரீட்சை முடிந்த மறுநாள் போய்விடும்.

நெஸ்ஃபீல்டு, ரென் அண்ட் மார்ட்டின், ஸ்நோபால், கைடு. முறைகள் மாறின, ஒன்று மட்டும் மாறவில்லை. பிள்ளை வாயில் ஏற்கெனவே இருக்கும் தமிழ் 'ஆல்' எப்படி வேலை செய்கிறது என்று யாரும் அவனிடம் கேட்கவில்லை. வீரமாமுனிவர் பாதிரிமாருக்குச் செய்ததை நமக்கு யாரும் செய்யவில்லை. கேட்டிருந்தால் ஓர் ஆச்சரியம் தெரிந்திருக்கும். மூன்று வகைகளில் இரண்டு தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் கிட்டத்தட்ட ஒரே அச்சு.

முதல் வகையைப் பாருங்கள். 'நாளைக்கு அணையைத் திறந்தால் நெல் நடுவோம்.' இதை ஆங்கிலமாக்கும்போது நம் பிள்ளைகள் 'இஃப் தே வில் ஓப்பன் த டேம்' என்று எழுதுவார்கள். காரியம் நாளைக்குத்தானே, ஆகவே 'வில்' போட்டேன் என்பார்கள். அப்போது நான் திருப்பிக் கேட்பேன்: தமிழில் நீ 'திறப்பால்' என்றா சொல்கிறாய்? 'திறந்தால்' என்றுதானே சொல்கிறாய்? அந்த 'திறந்த்' எந்தக் காலம்? வகுப்பு யோசிக்கும். யாராவது ஒரு பெண் மெதுவாக, இறந்தகாலம் சார் என்று சொல்லும். நாளைக்கு நடக்கப்போவதற்கு நேற்றைய வினையைப் போட்டுப் பேசிக்கொண்டிருக்கிறோம், பிறந்ததிலிருந்து! எதிர்காலத்தை 'ஆல்' பக்கம் நாம் சேர்ப்பதே இல்லை. முடிவுப் பக்கத்தில்தான், 'நடுவோம்' என்ற இடத்தில்தான், எதிர்காலம் வருகிறது. ஆங்கிலமும் அதே. 'இஃப் தே ஓப்பன் த டேம், வீ வில் பிளான்ட் பேடி.' 'வில்' முடிவுப் பக்கத்துக்குச் சொந்தம்.

அப்படியானால் பிள்ளைக்கு அந்த 'வில்' எங்கிருந்து வந்தது? அதுவும் தமிழிலிருந்துதான். 'ஆல்' தவிர நம்மிடம் 'என்றால்' ஒன்று இருக்கிறது. நம் ஊர்ப் பேச்சில் 'ன்னா'. 'வந்தீகன்னா', 'வாறீகன்னா', 'வருவீகன்னா' என்று மூன்று காலத்தையும் அது வாங்கிக்கொள்ளும். 'நீங்க வருவீகன்னா நான் வீட்டிலேயே இருக்கேன்' என்பது நல்ல மதுரைத் தமிழ். அதை அப்படியே பெயர்த்தால் 'இஃப் யூ வில் கம்'. ஆகவே பிள்ளை முட்டாள்தனமாக எழுதவில்லை. வேறு கதவைத் திறந்துவிட்டான், அவ்வளவுதான். 'என்றால்' போட்டு யோசிக்காதே, 'ஆல்' போட்டு யோசி என்று சொன்னால் முக்கால்வாசி 'வில்' உதிர்ந்துவிடும். தயவு கேட்கும்போது மட்டும் ஆங்கிலேயனே 'இஃப் யூ வில் வெயிட்' என்பான். அங்கே 'வில்' காலத்தைச் சொல்லவில்லை, சம்மதத்தைச் சொல்கிறது.

மூன்றாம் வகைதான் எல்லாரும் பயப்படுவது. உண்மையில் அதுதான் மிகச் சுலபம், மதுரைக்காரனுக்கு ரொம்பச் சுலபம். சித்திரைத் திருவிழாக் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். தங்கை கல்யாணத்துக்குப் புறப்பட்ட அழகர் வருவதற்குள் கல்யாணம் முடிந்துவிட்டது என்பது நம் பாட்டிமார் சொல்லும் கதை. 'அழகர் நேரத்தோடு வந்திருந்தால் கல்யாணத்தைப் பார்த்திருப்பார்.' கரும்பலகையில் இதை எழுதி, கீழே ஆங்கிலத்தை எழுதினேன். 'இஃப் அழகர் ஹேட் கம் இன் டைம், ஹீ வுட் ஹாவ் சீன் த வெட்டிங்.' 'வந்து' என்பதற்குக் 'கம்', 'இருந்த்' என்பதற்கு 'ஹேட்', 'பார்த்து' என்பதற்கு 'சீன்', 'இருப்பார்' என்பதற்கு 'வுட் ஹாவ்'. தமிழில் 'இரு' செய்யும் வேலையை ஆங்கிலத்தில் 'ஹாவ்' செய்கிறது. அழகர் வரவில்லை, பார்க்கவுமில்லை என்பது இரண்டு மொழியிலும் சொல்லாமலே தெரிகிறது. பென்னிகுயிக் பெரியாற்றில் அணை கட்டியிராவிட்டால் மேலூர்ப் பக்கம் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டால், மேலூரிலிருந்து மாற்றலாகி வந்த பிள்ளைகள் போட்டி போட்டுக்கொண்டு பதில் எழுதும்.

பூட்டு இருப்பது நடுவில், இரண்டாம் வகையில். 'அவர் வீட்டில் இருந்தால் பார்ப்பேன்.' 'எனக்குச் சிறகு இருந்தால் பறப்பேன்.' முதலாவது நடக்கக்கூடியது, இரண்டாவது நடக்காதது. தமிழ் இரண்டுக்கும் ஒரே 'இருந்தால்' போடுகிறது. சந்தர்ப்பத்தை வைத்துப் புரிந்துகொள் என்று விட்டுவிடுகிறது. ஆங்கிலம் விடாது. முதலாவதற்கு 'இஃப் ஹீ இஸ்', 'ஐ வில்'. இரண்டாவதற்கு 'இஃப் ஐ ஹேட் விங்ஸ்', 'ஐ வுட்'. நிஜத்தைவிட்டு விலகியிருக்கிறது என்று காட்ட, வினையைக் காலத்தில் ஒரு படி பின்னால் தள்ளுகிறது. 'நான் கலெக்டராக இருந்தால்' என்ற கற்பனைக்கு 'இஃப் ஐ வேர் த கலெக்டர்' என்று 'வேர்' வரும். ஒருமைக்கு 'வாஸ்' அல்லவா படித்தோம் என்று பிள்ளை திகைப்பான்.

இந்தத் திகைப்பு எவ்வளவு விலை வாங்கும் என்பதற்கு ஒரு சம்பவம் சொல்கிறேன். எங்கள் பள்ளியில் படித்த ஒரு பையன். வீட்டில் முதல் படிப்பாளி. அப்பா மாட்டுத் தரகர். நன்றாகப் படித்து டிகிரி முடித்து ஒரு வேலைக்கு நேர்முகத் தேர்வுக்குப் போனான். எந்த அலுவலகம் என்பது வேண்டாம். மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் கேட்டாராம், 'இஃப் யூ வேர் த கலெக்டர், வாட் வுட் யூ டூ?' இவன் காதில் 'வேர்' என்பது 'எங்கே' என்று விழுந்தது. 'யூ' பக்கத்தில் 'வேர்' வருவது அவன் அறியாததல்ல. ஆனால் நேற்றைய வினையை இன்றைய கற்பனைக்குப் போடுவார்கள் என்பது அவன் மனத்தில் ஏறியிருக்கவில்லை. ஆகவே 'கலெக்டர் எங்கே' என்ற கேள்வியாக அதைக் கோத்துக்கொண்டு, கலெக்டர் மதுரையில் இருக்கிறார் ஐயா என்று பவ்யமாகச் சொல்லியிருக்கிறான். அறையில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். எதற்குச் சிரித்தார்கள் என்பது பஸ்ஸில் திரும்பி வரும்போது, நாகமலை தாண்டும் இடத்தில்தான் அவனுக்குப் புரிந்ததாம். அந்த ஊருக்கு என்னென்ன செய்யவேண்டும் என்று அவனிடம் ஒரு பட்டியலே இருந்தது. கண்மாய் தூர்வாருவது, பெண் பிள்ளைகளுக்குப் பஸ், ஆஸ்பத்திரிக்கு ராத்திரி டாக்டர். ஒன்றையும் சொல்லவில்லை. 'வேர்' என்ற ஒரே சொல் அந்தப் பட்டியலை அவன் வாய்க்குள்ளேயே வைத்துப் பூட்டிவிட்டது.

அவன் வந்து இதைச் சொன்ன பிறகு இரண்டாம் வகைக்குத் தமிழில் ஏதாவது சாவி உண்டா என்று நாள்கணக்கில் யோசித்துக்கொண்டிருந்தேன். சாவி நம் வீட்டுத் திண்ணையிலேயே கிடந்தது. 'மட்டும்' என்ற சொல். 'எனக்கு மட்டும் ரெண்டு ஏக்கர் இருந்தால்...', 'நான் மட்டும் கலெக்டராக இருந்தால்...', 'எங்க அய்யா மட்டும் இப்ப உசுரோட இருந்தா...' இந்த 'மட்டும்' வேறு யாரும் இல்லை என்ற பொருளில் வரவில்லை. இது நிஜம் இல்லை, மனசு போட்ட கணக்கு என்று அடையாளம் காட்டுகிறது. தமிழ் வினையில் காட்டாததைப் பக்கத்தில் ஒரு சின்னச் சொல்லை நிறுத்திக் காட்டிவிடுகிறது.

அதற்குப்பின் வகுப்பில் இப்படித்தான் சொன்னேன். எழுதுவதற்கு முன்னால் வாக்கியத்தைத் தமிழில் சொல்லிப் பார். உள்ளே 'மட்டும்' தானாக வந்து உட்கார்ந்தால், ஆங்கிலத்தில் வினையை ஒரு படி பின்னுக்குத் தள்ளு, முடிவுப் பக்கத்தில் 'வுட்' போடு. உட்காரவில்லை என்றால் முதல் வகை. 'இருந்திருந்தால்' என்று இரண்டு 'இரு' வந்தால் காரியம் கைமீறிப் போய்விட்டது, மூன்றாம் வகை. இதில் ஒரு விலக்கு உண்டு. 'நீ மட்டும் அங்க போனே, காலை ஒடிச்சிருவேன்' என்று மிரட்டலுக்கும் நாம் 'மட்டும்' போடுவோம். அது கற்பனை இல்லை, நிஜமாகவே விழும் அடி என்று ஒரு பையன் வகுப்பில் எழுந்து சொன்னான். வகுப்பே சிரித்தது. விதியும் விலக்கும் சேர்ந்து அவர்களுக்கு ஆயுசுக்கும் மறக்காது.

அந்தப் பையன் இரண்டு வருஷம் கழித்து வேறொரு தேர்வு எழுதி வேலைக்குப் போய்விட்டான். இப்போது அவனுக்கே பிள்ளைகள் கல்லூரியில் படிக்கிறார்கள்.

ஆங்கிலத்தைத் தமிழ் வழியாகச் சொல்லிக்கொடுத்தால் பிள்ளை காலம் முழுக்க மனத்துக்குள் மொழிபெயர்த்துக்கொண்டே இருப்பான் என்று சொல்பவர்கள் உண்டு. நியாயமான பேச்சுதான். சரளம் வருவதற்குக் கேட்பதும் பேசுவதும் வேண்டும், அதை யாரும் மறுக்கவில்லை. நான் சொல்வது முதல் படியைப் பற்றி மட்டும். வீட்டில் ஆங்கிலம் கேட்டு வளரும் பிள்ளைக்கு 'இஃப் ஐ வேர்' காதுவழியாகவே வந்துவிடும். காதில் விழ வாய்ப்பில்லாத கிராமத்துப் பிள்ளைக்கு ஒரே மூலதனம் அவன் தமிழ்தான். அதையும் பள்ளிக்கூட வாசலில் செருப்போடு கழற்றி வைத்துவிட்டு வா என்றால், வெறுங்கையோடுதான் உள்ளே வருவான்.

உங்கள் வீட்டில் பேரனோ பேத்தியோ 'இஃப் கிளாஸ்' பாடத்தை வைத்துக்கொண்டு விழித்தால், கைடு வாங்கிக் கொடுக்க ஓடாதீர்கள். பக்கத்தில் உட்கார்த்தி வைத்து மூன்று தமிழ் வாக்கியம் கேளுங்கள். அணையைத் திறந்தால் என்ன செய்வோம், நீ மட்டும் கலெக்டராக இருந்தால் என்ன செய்வாய், அழகர் சீக்கிரம் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும். பதில்கள் தமிழில் வரட்டும். அதற்கப்புறம் ஆங்கிலப் புத்தகத்தைத் திறக்கலாம்.